முறுக்கு டின்னும் இணையக் கடையும்

சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டமொன்றில் பால்மரம் சீவிய அம்மையார் ஒருவர். மரங்கள் போய்ச் செம்பனை வந்தது, லயங்களும் போயின. இப்போது தாமான் வீட்டில் தீபாவளிப் பலகாரம் சுட்டு விற்கிறார். அவருடைய மகன் என்னிடம் படித்தவன். ஈப்போவில் இணையத்தளம் அமைக்கும் தொழில் செய்கிறான். "அம்மாவுக்கு நானே இணையக் கடை போட்டுக் கொடுத்துவிட்டேன் சார்" என்று பெருமையாகச் சொன்னான்.

பொருளைக் கூடையில் சேர்த்து, தபால் செலவைக் கூட்டி, பணத்தை வாங்கிக்கொள்ளும் மென்பொருளைத்தான் இவர்கள் 'கூடை' என்கிறார்கள். தோட்டத்துக் கடைக்காரர் 555 புத்தகத்தில் பென்சிலால் செய்த வேலைதான்! இதில் வாடகைக் கடையும் உண்டு, சொந்தக் கடையும் உண்டு. மாத வாடகைக்குக் கிடைப்பது ஷாப்பிஃபை. கனடாவில் பனிச்சறுக்குப் பலகை விற்க 2004இல் கடை போட்டவர்கள், நல்ல மென்பொருள் கிடைக்காமல் தாங்களே எழுதி, 2006இல் பிறருக்கும் திறந்துவிட்டார்கள். வூகாமர்ஸ், ஓப்பன்கார்ட் இரண்டும் இலவசம். ஆனால் தளத்துக்கு இடவாடகையும் பராமரிப்பும் நம் தலையில். லாசாடா, ஷாப்பி போன்றவை பசார் மாலாமில் இடம் பிடிப்பது மாதிரி. கூட்டம் உண்டு, கழிவும் உண்டு.

மகன் தனக்குப் பழகிய வூகாமர்ஸை எடுத்தான். நாடு முழுமைக்கும் ஒரே தபால் கட்டணம் போட்டான். வந்தது வினை! சபா, சரவாக்கிலிருந்து ஆர்டர்கள் குவிந்தன. ஒவ்வொரு பார்சலுக்கும் வாங்கிய கட்டணத்தைவிட அனுப்பும் செலவு அதிகம். தாயார் என்னிடம், "வாத்தியாரையா, மாவு விலை எண்ணெய் விலை எனக்குத் தெரியும். இந்தப் பார்சல் விலையை எழுதினது யாரு?" என்றார். மகன் தலை குனிந்து நின்றான். இரவெல்லாம் அடுப்படியில் வெந்தவர் அவரல்லவா!

பிறகுதான் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தோம். விற்பது என்ன, எடை எவ்வளவு, எங்கே போகிறது? வூகாமர்ஸில் இடவாரியாகக் கட்டணம் பிரிக்கலாம். எடைவாரிப் பட்டியலுக்குத் தனி இணைப்பு வேண்டும். ஓப்பன்கார்ட்டில் இரண்டும் கூடவே வருகின்றன. அதற்கே மாற்றினான். துணிமணி விற்பவராயிருந்தால் மாற்றச் சொல்லியிருக்க மாட்டேன்.

பணம் வாங்கும் வழியையும் பார்த்தோம். எஃப்பிஎக்ஸ் வங்கிப் பரிமாற்றத்துக்குப் பெரும்பாலும் ஓர் ஆர்டருக்கு இத்தனை காசு என்று கட்டணம், கடனட்டைக்கு விழுக்காடு. பத்து வெள்ளி முறுக்குக்கும் நூறு வெள்ளிப் பொட்டலத்துக்கும் கணக்கு வேறு. தேர்ந்தெடுக்கும் கூடையோடு நம் நாட்டுப் பணவாயில் இணையுமா என்பதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

சட்டமும் உண்டு. மின்வணிக விதிகளின்படி, விற்பவர் பெயர், பதிவு எண், தொடர்பு விவரம், போக்குவரத்துச் செலவு சேர்ந்த முழு விலை, பொருள் வந்துசேரும் உத்தேச நாள் எல்லாம் தளத்தில் இருக்க வேண்டும். வணிகப் பெயரைப் பதிய ஆண்டுக்கு 60 வெள்ளி, சொந்தப் பெயரானால் 30.

இன்னொன்று: மென்பொருளுக்கும் ஆயுள் உண்டு. மெஜெண்டோவின் முதல் தலைமுறைக்கு 2020 ஜூனில் ஆதரவு நின்றது. அதை நம்பியிருந்தவர்கள் கடையைப் பெயர்க்க வேண்டியதாயிற்று. ஆகவே பொருள் பட்டியலையும் வாடிக்கையாளர் விவரத்தையும் மாதந்தோறும் படியெடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். தாயாரோ ஒவ்வொரு ஆர்டரையும் இன்றும் 555 புத்தகத்தில் எழுதிக்கொள்கிறார்.