ரோடு பைக் வாங்கியாயிற்று, அடுத்து என்ன?

1949-இல் சென்னையில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகளை ஓட்டி வளர்ந்தவர்களுக்கு, சைக்கிள் என்பது கடையிலிருந்து முழுசாக வருகிற பொருள். ஸ்டாண்டு, கேரியர், மட்கார்டு, செயின் கவர், பெல் எல்லாம் அதிலேயே இருக்கும். பின் சக்கரத்துக்கு வளையப் பூட்டு ஒன்றைக் கடைக்காரரே மாட்டித் தருவார். ரோடு பைக்கில் இவை எதுவும் இருக்காது. எடையும் காற்றின் எதிர்ப்பும் குறைய வேண்டும் என்பதற்காக, ஓடுவதற்குத் தேவையில்லாத அத்தனையையும் கழற்றிய வண்டி அது. விலை கூடிய சில வண்டிகளுக்குப் பெடல்கூடத் தனியாகத்தான் வாங்க வேண்டும்.

எனவே, வண்டி வாங்கிய அன்றே இரண்டாவது செலவும் தொடங்கிவிடுகிறது. பலர் அதை உடையிலும் கண்ணாடியிலும் தொடங்குகிறார்கள். அவை மெல்ல வரட்டும். முதலில் வாங்க வேண்டியது காற்றடிக்கும் பம்பு.

ரோடு பைக் டயரின் அகலம் பெரும்பாலும் 25 அல்லது 28 மி.மீ. இவ்வளவு ஒல்லியான டயர் ஓர் ஆளைச் சுமக்க உள்ளே அழுத்தம் மிகுதியாக வேண்டும். எழுபது கிலோ எடையுள்ளவருக்கு 25 மி.மீ. டயரில் 80 முதல் 90 பி.எஸ்.ஐ. வரை வைக்கலாம்; 28 என்றால் 70-ஐ ஒட்டி. கார் டயருக்கு முப்பத்துச் சொச்சம்தான். டியூபின் ரப்பர் வழியே காற்று எப்போதும் மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். ஒல்லி டியூபில் இருக்கும் காற்றே கொஞ்சம், அதன் அழுத்தமோ அதிகம்; நாலைந்து நாளில் குறைவு தெரிந்துவிடும். அந்தக் குறைந்த காற்றோடு ஒரு பள்ளத்தில் இறங்கினால் டயர் நசுங்கி, ரிம்மின் இரண்டு விளிம்பும் டியூபைக் கடிக்கும். டியூபைக் கழற்றிப் பார்த்தால் அருகருகே இரண்டு ஓட்டைகள். சாலையில் முள்ளைத் தேடிப் பயனில்லை. அது காற்றுக் குறைவால் வந்த பஞ்சர்.

பெட்ரோல் பங்கில் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் அங்கே குழாய் வால்வில் உட்காராது. நம் பழைய சைக்கிளில் இருப்பது வால் டியூப் மாட்டிய வுட்ஸ் வால்வு. மோட்டார் சைக்கிளிலும் காரிலும் இருப்பது ஷ்ரேடர். ரோடு பைக்கில் பிரெஸ்டா: ஒல்லியாக, உச்சியில் ஒரு சின்னத் திருகோடு இருக்கும். ஷ்ரேடருக்கு ரிம்மில் 8.5 மி.மீ. துளை வேண்டும், பிரெஸ்டாவுக்கு 6.5 போதும். குறுகலான ரிம்மில் துளை சிறிதாக இருப்பது நல்லது. காற்றடிக்கும் முன் அந்தத் திருகைத் தளர்த்தி, விரலால் ஒருமுறை அழுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் எவ்வளவு அடித்தாலும் உள்ளே போகாது. பிரெஸ்டாவை ஷ்ரேடராக மாற்றும் சிறு பித்தளை அடாப்டர் ஒன்றை எப்போதும் பையில் வைத்திருங்கள், அவசரத்துக்கு வழியில் கிடைக்கும் பம்பைப் பயன்படுத்தலாம். வீட்டுக்கு, அழுத்தமானி வைத்த, நின்றபடி அடிக்கிற ஃப்ளோர் பம்பு வாங்கிவிடுங்கள்.

வழியில் எடுத்துச் செல்ல சீட்டுக்கு அடியில் கட்டும் சிறு பை போதும். அதற்குள் டயர் அளவுக்கேற்ற மாற்று டியூப் ஒன்று, டயரைக் கழற்றும் பிளாஸ்டிக் நெம்புகோல் இரண்டு, ஒட்டுப்போடும் பட்டைகள், 4, 5, 6 மி.மீ. அலன் கீ, ஒரு கைப்பம்பு. கைப்பம்புக்குப் பதிலாக 16 கிராம் கரியமில வாயுக் குப்பியையும் சிலர் வைத்திருப்பார்கள். சில நொடியில் டயர் கல்லாகிவிடும். ஆனால் அந்த வாயு ரப்பர் வழியே சாதாரணக் காற்றைவிட வேகமாகக் கசியும் என்பதால் வீடு வந்ததும் இறக்கிவிட்டு மறுபடி காற்றடிக்க வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை போகிறவருக்கு வழியில் பஞ்சர் கடைகள் இருக்கும், ஆனால் அங்கே இந்த அளவு டியூப் கிடைப்பது அரிது. டியூப் மாற்றுவதை முதல் பயணத்துக்கு முன் வீட்டிலேயே ஒருமுறை செய்து பழகுங்கள். மாற்றும்போது டயரின் உட்புறத்தை ஒரு துணியால் சுற்றித் தடவிப் பார்ப்பது முக்கியம். வெடித்த லாரி டயர்களிலிருந்து உதிர்ந்த மெல்லிய எஃகு இழைகள் சாலையோரம் கிடக்கும். அவை கண்ணில் படாமல் டயருக்குள் ஒளிந்திருந்து புது டியூபையும் குத்திவிடும்.

விளக்கில் சிக்கனம் வேண்டாம். பின்னால் சிவப்பு, முன்னால் வெள்ளை, இரண்டும் வேண்டும்; பின் விளக்கைப் பகலிலும் எரியவிடலாம். நகரத் தெருவிளக்கின் கீழ் முன்விளக்கு நம்மைக் காட்டினால் போதும். விடியுமுன் இருண்ட சாலையில் போகிறவருக்கு அது சாலையையும் காட்ட வேண்டும். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் நொடிக்கு எட்டு மீட்டருக்கு மேல் கடக்கிறோம். விளக்கு 20 மீட்டர் வரை காட்டினால், வெள்ளை பூசாத வேகத்தடையைப் பார்த்து பிரேக் பிடிக்க இரண்டரை நொடிகூட இல்லை. 400 லூமனாவது இருக்கட்டும், ஒளி எதிரே வருபவரின் கண்ணில் அடிக்காமல் கீழே சாய்த்து மாட்டுங்கள்.

ஹெல்மெட்டின் உள்ளே இருப்பது வெள்ளை நுரை. தலை மோதும்போது அது நொறுங்கி, தலை நிற்க எடுக்கும் நேரத்தைச் சற்றே நீட்டுகிறது. காப்பாற்றுவது அந்த நொறுங்கல்தான். அமெரிக்க சி.பி.எஸ்.சி. தரச் சோதனையில் தலை மாதிரியை ஹெல்மெட்டோடு 2 மீட்டர் உயரத்திலிருந்து தட்டையான இரும்பின் மேல் விழவிடுவார்கள். மாதிரி உணரும் அதிர்ச்சி 300 ஜி-யைத் தாண்டக் கூடாது. ஒருமுறை நொறுங்கிய நுரை பழைய நிலைக்குத் திரும்பாது. ஆகவே பலமாக விழுந்த பிறகு, வெளியே கீறல் இல்லாவிட்டாலும் ஹெல்மெட்டை மாற்றியே ஆக வேண்டும். யாரோ பயன்படுத்திய பழைய ஹெல்மெட்டை வாங்கவும் கூடாது.

தண்ணீர் பாட்டில் மாட்ட ஃபிரேமிலேயே துளைகள் இருக்கும், நம் வெயிலுக்கு இரண்டு பாட்டில் மாட்டுங்கள். பெல் கட்டாயம் வேண்டும். ஸ்டாண்டு மட்டும் வேண்டாம். பின் சக்கரத்தருகே இரண்டு குழாய்களையும் இறுக்கிப் பிடித்து மாட்டும் ஸ்டாண்டு, மெல்லிய அலுமினியக் குழாயை நசுக்கலாம், கார்பன் குழாயில் விரிசல் விடலாம். யார் மாட்டித் தருவதாகச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

இனிப் பூட்டு. ஒன்பது, பத்துக் கிலோ எடையுள்ள வண்டியை ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டு நடந்துவிடலாம். வளையப் பூட்டு சக்கரம் சுற்றுவதைத் தடுக்கும், அவ்வளவுதான். இருபது கிலோ பழைய சைக்கிளுக்கு அது ஓரளவு காவல். ரோடு பைக்குக்கு இல்லை. அசையாத ஏதாவது ஒன்றோடு சேர்த்துக் கட்டினால்தான் பூட்டியதாகப் பொருள்.

கடையில் முதலில் கண்ணில் படுவது பிளாஸ்டிக் உறை போட்ட கம்பிவடப் பூட்டு. எண் சக்கரம் வைத்தது, எடையற்றது, மலிவு. அதை ஒரு கம்பி வெட்டும் கட்டர் நொடிகளில் துண்டித்துவிடும். கடினப்படுத்திய எஃகாலான யூ வடிவப் பூட்டு வேறு இனம். அந்த எஃகில் ஹாக்ஸா பிளேடு பிடிக்காமல் வழுக்கும். தண்டு 13 மி.மீ.க்கு மேல் தடிமனாக இருந்தால் கையால் இயக்கும் போல்ட் கட்டரும் திணறும். பிறகு திருடனுக்கு மிஞ்சுவது நெம்புவது. பூட்டுக்குள் வெற்றிடம் இருந்தால் சிறிய ஜாக்கியைச் செருகி விரித்துவிடுவான். எனவே சிறிய யூ பூட்டாக வாங்கி, ஃபிரேமும் சக்கரமும் கம்பமும் அந்த இடத்தை நிரப்பும்படி மாட்ட வேண்டும். யூ-வின் இரண்டு காலும் உள்ளே பூட்டப்படும் வகை இன்னும் நல்லது. அதை எடுக்கத் தண்டை இரண்டு இடத்தில் வெட்ட வேண்டியிருக்கும்.

தண்டு எவ்வளவு தடித்திருந்தாலும் சாவித் துளை பலவீனமாக இருந்தால் பயனில்லை. இது 2004-இல் அமெரிக்காவில் உலகறியத் தெரிந்தது. புகழ்பெற்ற கிரிப்டோனைட் யூ பூட்டுகள் பலவற்றில் அப்போது வட்டக் குழல் வடிவச் சாவி. சாதாரண பிக் பேனாவின் பிளாஸ்டிக் குழலை அந்தத் துளையில் அழுத்தித் திருகியே பூட்டைத் திறந்து காட்டினார்கள். மென்மையான பிளாஸ்டிக் உள்ளே இருந்த ஊசிகளுக்கு ஏற்பத் தானே பதிந்துகொண்டதுதான் காரணம். நிறுவனம் லட்சக்கணக்கான பூட்டுகளை மாற்றிக் கொடுத்தது. இன்று நல்ல சைக்கிள் பூட்டுகளில் ஊசிகளுக்குப் பதில் சுழலும் தட்டுகள் இருக்கின்றன. பின்லாந்தின் எமில் ஹென்ரிக்சன் 1907-இல் கண்டுபிடித்த முறை அது. சாவி ஒவ்வொரு தட்டையும் அதற்கென்ற கோணத்துக்குத் திருப்பினால்தான் பக்கவாட்டுச் சட்டம் பள்ளத்தில் இறங்கும். வட்டக் குழல் சாவி கொண்ட மலிவுப் பூட்டு இன்றும் கடைகளில் தொங்குகிறது, அதைத் தவிர்த்துவிடுங்கள்.

பேட்டரியில் ஓடும், இரும்பை அறுக்கும் கிரைண்டர் வந்த பிறகு சாதாரண யூ பூட்டும் ஓரிரு நிமிட வேலையாகிவிட்டது. கிரைண்டர் தட்டையே தேய்த்துத் தின்னும் பீங்கான் கலவை பூசிய பூட்டுகள் இப்போது வருகின்றன, விலையும் எடையும் அதிகம். பூட்டு தருவது நேரம். தீப்பொறியும் சத்தமுமாகத் திருடன் சில நிமிடம் நிற்க முடியாத இடத்தில் வண்டியை வைத்தால் அந்த நேரத்துக்கு மதிப்பு உண்டு. ஆள் நடமாட்டமில்லாத சந்தில் எந்தப் பூட்டும் போதாது.

எதைப் பூட்டுவது என்பதும் ஒரு கலை. ரோடு பைக் சக்கரங்கள் பலவற்றில் நெம்புகோலைத் திருப்பிக் கழற்றும் அச்சு இருக்கும். இத்தாலியப் பந்தய வீரர் டுல்லியோ கம்பனோலோவின் கண்டுபிடிப்பு. அவருக்கு உதவியது திருடனுக்கும் உதவுகிறது: ஃபிரேமை மட்டும் பூட்டினால் சக்கரம் போகும், முன் சக்கரத்தை மட்டும் பூட்டினால் மற்றதெல்லாம் போகும். 2008-இல் மறைந்த அமெரிக்க மெக்கானிக் ஷெல்டன் பிரவுன் ஒரு வழி சொன்னார். ஃபிரேமின் பின் முக்கோணத்துக்குள் இருக்கும் ரிம் பகுதியைக் கம்பத்தோடு சேர்த்துச் சிறிய யூ பூட்டு போட்டால், அச்சைக் கழற்றினாலும் சக்கரம் முக்கோணத்தை விட்டு வெளிவராது; வண்டியும் நகராது. கார்பன் ரிம்மை ரம்பத்தால் அறுப்பது எளிது என்பதால், அப்படிப்பட்ட வண்டிக்குப் பூட்டு ஃபிரேம் குழாயையும் சேர்த்துச் சுற்றட்டும். முன் சக்கர நெம்புகோலை எடுத்துவிட்டு அலன் கீயால் மட்டும் திறக்கும் அச்சைப் போடலாம்.

நல்ல பூட்டு ஒன்றரைக் கிலோ வரை இருக்கும். எடை குறைய என்று விலை கொடுத்து வாங்கிய வண்டியில் அதைத் தினமும் சுமக்க யாருக்கும் மனம் வராது. கனமான பூட்டை அலுவலகத்தில் வண்டி நிற்கும் கம்பத்திலேயே விட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமைச் சவாரியில் டீக்கடையில் நிற்கும்போது வண்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கியரைக் கடைசிக்கு மாற்றி, ஹெல்மெட் வாரைச் சக்கரத்தில் கோத்து மாட்டிவிட்டால், ஏறிப் பறப்பவன் நாலு அடி போவதற்குள் தடுமாறுவான். நமக்கு எழுந்து ஓட அது போதும்.

அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தைப் பலரும் பாதுகாப்பானதாக நினைக்கிறார்கள். இரவு முழுக்க நேரமும் இருட்டும் கிடைக்கும் இடம் அது. வண்டியை வீட்டுக்குள் கொண்டுபோக முடிந்தால் வேறு யோசனையே வேண்டாம். முடியாவிட்டால், சுவரில் விரியும் போல்ட் அடித்து எஃகு வளையம் ஒன்றைப் பதித்து அதில் பூட்டுங்கள். ஜன்னல் கிரில்லை நம்பாதீர்கள், அதன் கம்பி பூட்டைவிட மெலிது.

வாங்கிய அன்றே செய்ய இன்னொரு வேலை உண்டு. வண்டியைத் தலைகீழாக்குங்கள். பெடல் தண்டுகள் சேரும் உருளையின் அடியில் பெரும்பாலும் வரிசை எண் பொறித்திருக்கும். அதையும், முழு வண்டியையும், வண்டிக்கே உரிய கீறலையும் படமெடுத்து ரசீதோடு சேர்த்து வையுங்கள். திருட்டுப் போனால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, குறைந்தது, புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்க வேண்டும். நிறத்தையும் நிறுவனத்தையும் மட்டும் எழுதினால் அது ஆயிரம் வண்டிகளுக்குப் பொருந்தும். எண் இருந்தால், பிடிபட்ட வண்டி உங்களுடையதுதான் என்று நிறுவ முடியும். பழைய ரோடு பைக் வாங்குகிறவர்களும் விலை பேசும் முன் அதே இடத்தைப் பாருங்கள். எண் சுரண்டப்பட்டிருந்தால் எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.