குறையும் நிறைவும்: மாதேசுவரன் மலைவழியில் ஒரு சிந்தனை

பாலாறு என்றதும், நந்தி மலைப் பகுதியில் பிறந்து வேலூர் வழியாக ஓடிக் கடலை அடையும் ஆறே தமிழர் பலருடைய நினைவில் எழும். இங்கே நாம் கருதுவது அதுவன்று. மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியாக மாதேசுவரன் மலைக்குச் செல்லும் சாலையில், காடும் குன்றும் நெருங்கி வரும் இடத்தில், காவிரியோடு வந்து கலக்கும் சிற்றாறு ஒன்று உண்டு. அதற்கும் பாலாறு என்றே பெயர். அதன் கரையில் உள்ள சிற்றூருக்கும் சோதனைச் சாவடிக்கும் அதுவே பெயர். பாலத்திற்கு இப்பால் தமிழ்நாடு, அப்பால் கருநாடகம். 1956 நவம்பர் முதல் நாளுக்கு முன்பு இவ்வெல்லை இங்கே இல்லை. கொள்ளேகால் வட்டம் அப்பொழுது சென்னை மாநிலத்துக் கோயமுத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது அது மைசூர் மாவட்டத்தோடு இணைந்தது. 1997-இல் சாமராசநகர் தனி மாவட்டமானபோது அதனுள் அடங்கிற்று.

செய்தித்தாள்களில் இவ்வூரின் பெயர் பெரிதாக அடிபட்டது 1993 ஏப்ரல் 9-ஆம் நாள் நிகழ்ந்த கண்ணிவெடிக் கொடுமையால். காவலரும் பிறருமாக 22 பேர் அன்று மாண்டனர். ஆயினும் அதற்குப் பல தலைமுறை முன்பிருந்தே இவ்வழியை அறிந்தவர்கள் இருக்கின்றனர். சேலம், தருமபுரி, ஈரோட்டுச் சீமைகளிலிருந்து மாதேசுவரனை நாடிச் செல்லும் எளிய மக்களே அவர்கள். அமாவாசைக்கும் சிவராத்திரிக்கும் தீபாவளிக்கும் அவர்கள் இப்பாலத்தைக் கடக்கின்றனர். அவர்கள் கையில் இருப்பது சிறு மூட்டை. மனத்தில் இருப்பது ஒரு குறை.

குறை என்னும் சொல்லைத் தமிழர் வழங்கும் முறை கருதத்தக்கது. இல்லாமையும் குறை, அவ்வில்லாமையைச் சொல்லி வேண்டுதலும் குறை. குறையிரத்தல் என்கிறோம், குறை தீர்த்தல் என்கிறோம். பிறரைப் பழித்தாலும் குறை கூறினான் என்கிறோம். கன்னடத்தில் கொரத்தெ என்பதும் இதே வேரிலிருந்து கிளைத்த சொல். ஆகவே பாலத்தின் இருபுறத்திலும் சொல்லளவில் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு சொல்லுக்கு உள்ளேதான் இருக்கிறது. மழை இல்லை, மகவு இல்லை, நாளைக்கு அரிசி இல்லை என்பது ஒருவகைக் குறை. அது வெளியே இருப்பது, எண்ணிக் காட்டலாம். எல்லாம் இருந்தும் ஏதோ ஒன்று இல்லை என்று உள்ளம் அரித்துக்கொண்டிருப்பது மற்றொரு வகை. இஃது எண்ணிக்கைக்கு அகப்படாது. முதல் வகைக்குப் பொருளும் உழைப்பும் பிறர் உதவியும் மருந்தாகலாம். இரண்டாவதற்கு எத்துணைப் பொருள் கொடுத்தாலும் அது மேலும் கேட்கும்.

இரண்டாவது குறையின் வேர் எது? சைவ சித்தாந்தம் இதற்குத் தரும் விடை, நாம் எதிர்பார்ப்பதற்கு மாறானது. ஆங்கிலத்தில் ஈகோ எனப்படுவதைத் தமிழாக்கும்போது அகந்தை, செருக்கு, தன்முனைப்பு, ஆணவம் என நாலைந்து சொற்கள் முன்வந்து நிற்கும். மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவர்க்கு இஃது அன்றாடத் தொல்லை. ஈகோ என்பது இலத்தீனில் நான் என்பதற்குமேல் ஒன்றும் சொல்வதில்லை. அகங்காரம் என்பது நான் என்று ஆக்குவது என விரியும். ஆணவம் என்பதோ அணு என்னும் சொல்லின் வழி வந்தது. எங்கும் விரிந்து அறியவல்ல உயிரை அணுவைப்போலச் சுருக்கிவிடுவது எதுவோ அதுவே ஆணவம். பேச்சு வழக்கில் நாம் ஆணவம் என்றால் நிமிர்ந்த தலையை எண்ணுகிறோம். சாத்திரம் அச்சொல்லால் குறுகிய நெஞ்சைக் காட்டுகிறது. செம்பில் களிம்பு போல அஃது உயிரோடு ஒட்டிப் பிறந்தது என்றும் சித்தாந்திகள் சொல்வர்.

இப்பொருளை ஏற்றால், பெருமிதமும் ஏக்கமும் ஒரே சுருக்கத்தின் இரு முகங்கள் என்பது விளங்கும். தன்னைச் சிறு வட்டத்துக்குள் அடைத்துக்கொண்டவனுக்கு வட்டத்துக்கு வெளியே உள்ள யாவும் தன்னிடம் இல்லாதவையே. அவற்றைக் கண்டு ஏங்குகிறான். சிலவற்றைக் கைப்பற்றினால் செருக்குகிறான். செருக்கு ஓய்ந்தவுடன் மீண்டும் ஏங்குகிறான். உறவினர் வீட்டுத் திருமணத்தில் பந்தியில் முதல் இலை கிடைக்கவில்லை என்று பத்தாண்டு பகை பாராட்டுவோரை நாம் அறிவோம். அவர்கள் வயிற்றில் எக்குறையும் இல்லை.

மாதேசுவரன் மலையைச் சுற்றி வழங்கும் கதைப்பாடல் இதனை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. மாதேசுவரர் 14, 15-ஆம் நூற்றாண்டுகளை ஒட்டி வாழ்ந்த வீரசைவத் துறவி என ஆய்வாளர் கருதுவர்; மக்களுக்கோ அவர் புலிமேல் ஏறி வரும் சிவன். அவர் கதையைப் பாடுவோர் தேவரகுட்டர் எனப்படுவோர். ஒரு கையில் கிண்ணம் போன்ற பித்தளைத் தாளமும், மறு கையில் குஞ்சம் தொங்கும் தட்டையான தாளமும் ஏந்தி, கம்சாளே என்னும் அத்தாளத்தைத் தட்டி இரவு முழுவதும் பாடுவர். ஊருக்கு ஊர் கதை சிறிது மாறும். மாறாத பகுதிகளுள் ஒன்று சிரவணன் என்னும் அசுர அரசனின் கதை.

சிரவணனுக்கு ஒன்றும் குறைவில்லை. தேவர்களைச் சிறைப்பிடித்துத் தன் வீட்டு வேலைகளைச் செய்ய வைத்திருந்தான். வணங்காதவர் ஒருவரேனும் எஞ்சியிருக்கும்வரை அவனுக்கு உறக்கம் இல்லை. மாதேசுவரரும் தனக்கு ஏவல் செய்ய வேண்டும் என்று விரும்பினான். அவர் அரளய்யா என்னும் செருப்புத் தைப்பவரிடம் சென்று அரக்கினால் ஒரு சோடிப் பாதுகை செய்வித்தார். அதனைக் காணிக்கையாக அரசனிடம் கொடுத்தார். தனக்கு உரிய வணக்கம் வந்து சேர்ந்தது என்று மகிழ்ந்து அவன் அணிந்துகொண்டான். தீயின் வெப்பத்தில் அரக்கு உருகிற்று. காலோடு ஒட்டியது கழலவில்லை. அவன் எரிந்து மாண்டான்.

அரளய்யா என்னும் இப்பெயர் கதையில் தற்செயலாக வந்ததாகத் தோன்றவில்லை. 12-ஆம் நூற்றாண்டில் கலியாண நகரில் பசவண்ணரைச் சூழ்ந்திருந்த சரணர் கூட்டத்திலும் அரளய்யா என்னும் செருப்புத் தைப்பவர் இருந்தார். காலம் ஒத்துவராதே என்று கேட்பது நாட்டுப்பாடலிடம் கேட்கத்தகாத கேள்வி. அந்தப் பழைய அரளய்யா ஒருநாள் தெருவில் பசவண்ணரைக் கண்டு சரணு என்று வணங்கினார். பிச்சள மன்னனின் அமைச்சராகிய பசவண்ணர், சரணு சரணார்த்தி என்று ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பி வணங்கினார். மேலாக வந்த அந்த ஒரு வணக்கம் அரளய்யாவுக்குத் தாங்க முடியாத கடனாகத் தோன்றிற்று. அவரும் அவர் மனைவியும் தம் தொடைத் தோலை உரித்துப் பாதுகை செய்து கொண்டுவந்து கொடுத்தனர் என்பது வரலாறு போலவே போற்றப்படும் மரபு. பசவண்ணர் அதனைக் காலில் அணிய மறுத்துவிட்டார்.

இரு பாதுகைக் கதைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒருவனுக்கு உலகம் முழுவதும் வணங்கியும் போதவில்லை. மற்றொருவருக்கு ஒரே ஒரு வணக்கம் மிகுந்துவிட்டது. அக்காலச் சமுதாயம் கணக்கிட்டால் குறையுள்ளவர் என்று யாரைச் சொல்லியிருக்கும்? அரசனை அன்று. பொருளும் பதவியும் குலமும் அற்றவராகிய தோல் தொழிலாளியைத்தான். அவர் நெஞ்சிலோ இல்லை என்னும் எண்ணத்துக்கு இடமே இருக்கவில்லை. பெற்றது மிகை என்னும் கூச்சமே இருந்தது. பின்னர் அவருடைய மகனுக்கும் மதுவரசர் என்னும் அந்தணரின் மகளுக்கும் நடந்த திருமணத்தைப் பொறாமல் பிச்சளன் இரு தந்தையரையும் கொல்வித்தான் என்பதையும் இங்கே மறத்தலாகாது. உள்ளம் நிறைந்தவரை உலகம் வாழவிடும் என்பதற்கு எவ்வுறுதியும் இல்லை.

இவ்வாறு நிறைந்த உள்ளத்தை அடையும் வழி என்ன என்னும் கேள்விக்குத் தமிழகத்தில் அண்மைக் காலத்தில் மிகச் சுருக்கமான விடை தந்தவர் இரமண மகரிசி. 1896-இல் மதுரையில் 16 வயதுச் சிறுவராய் இருந்தபோது சாவின் அச்சம் திடீரெனப் பற்ற, சாவது யார் என்று உள்நோக்கிப் பார்த்தவர் அவர். அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலை சேர்ந்து, 1950 ஏப்ரல் 14-இல் உடல் நீங்கும்வரை அவ்வூரை விட்டு அகலவில்லை. பேசா நோன்பு போன்ற நிலையில் இருந்த நாளில், தென்னார்க்காட்டு வருவாய்த் துறையில் பணியாற்றிய சிவப்பிரகாசம் பிள்ளை என்பவர் கேட்ட கேள்விகளுக்கு எழுதிக் காட்டிய விடைகளே நான் யார் என்னும் சிறு நூலாயின. அலுவலகக் கோப்புகளுக்கு இடையே வாழ்ந்த ஒருவர் இக்கேள்விகளைக் கேட்டார் என்பதில் நமக்கு ஓர் ஆறுதல் உண்டு.

அந்நூலின் கருத்தை நம் பொருளுக்கு ஏற்ப இவ்வாறு சொல்லலாம். ஆழ்ந்த உறக்கத்தில் அரசனுக்கு அரசு இல்லை. கடன்பட்டவனுக்குக் கடன் இல்லை. ஒன்றும் இல்லாத அந்நிலையில் எவரும் துன்புறுவதில்லை. விழித்தவுடன் முதலில் நான் என்னும் எண்ணம் எழுகிறது. அதன் பின்னரே எனக்கு இது இல்லை என்னும் எண்ணம் தொடர்கிறது. ஆகவே இல்லாத பொருளைத் தேடி ஓடுமுன், இல்லை என்று சொல்பவர் யார் எனத் தேடுவது அறிவுடைமை. தேடினால் அந்த நான் நிற்பதற்கு இடமின்றி ஒடுங்கும், எஞ்சுவது அமைதி. அமைதி புதிதாகப் பெறும் பொருளன்று என்பதே அவர் நோக்கு.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். இக்கருத்தை வயிறு நிறைந்தவர் பசித்தவர்க்கு உபதேசம் செய்வது பெரும் பிழை. கூலி கேட்டவனிடம், கேட்பவன் யார் என்று உன்னையே வினவிப் பார் எனச் சொல்வது ஞானமன்று, கஞ்சத்தனம். தன்மானத்தைக் காப்பவரை ஆணவம் பிடித்தவர் என்று அடக்குவதும் அவ்வாறே. வீட்டுக்குள் இது மிகுதியும் பெண்களிடத்தே நடக்கிறது. வேதாந்த நூல்கள் இதனைப் பேசுவது அரிது. மாதேசுவரன் கதையில் சங்கம்மா என்னும் பெண்ணைப் பற்றிய பகுதி இதனைப் பேசுகிறது.

சங்கம்மாவின் கணவன் நீலேகௌடன் காட்டில் வேட்டையாடி வாழ்பவன். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. மலடி என்னும் சொல்லை அவள் நாள்தோறும் கேட்கிறாள். கணவன் நெடுநாள் காட்டுக்குள் செல்லப் புறப்படும்போது, நான் திரும்பும்வரை கற்புத் தவறமாட்டேன் என்று என் வலக்கையில் அடித்து ஆணையிடு என்கிறான். அவள் மறுக்கிறாள். ஆணையிடுவது அவன் ஐயத்தை ஒப்புக்கொள்வதாகும் என்பது அவள் மறுப்பின் கருத்து. அவன் அவளைத் துன்புறுத்தி, கதவில்லாத குடிசைக்குள் அடைத்துவிட்டுச் செல்கிறான். மாதேசுவரர் அங்கே வந்து அவளை விடுவித்துப் பிள்ளை வரம் தருகிறார். அவள் பெற்ற இரட்டையரே காரய்யாவும் பில்லய்யாவும். அம்மலைகளில் வாழும் சோலிகர்கள் காரய்யாவின் வழியினர் என்று தம்மைச் சொல்லிக்கொள்வர்.

இக்கதையில் எவருடையது ஆணவம்? மனைவியின் வாயிலிருந்து ஓர் ஆணை கிடைத்தாலன்றி நிம்மதி இல்லை என்றவனுடையது. உண்மையான குறை யாருடையது? பிள்ளையின்றி வருந்தியவளுடையது. பாடல் அவளிடம், ஆசையை விடு, பிள்ளை வெறும் மாயை என்று சொல்லவில்லை, பிள்ளையைக் கொடுக்கிறது. அவள் மறுப்பையும் பழிக்கவில்லை. துறவியின் பெயரால் பாடப்படும் கதை இவ்வளவு நுட்பமாக நடந்துகொள்வது வியப்புக்குரியது. பெற்ற பிள்ளைகளை அவள் தன் உடைமையாகப் பூட்டி வைக்காமல் மாதேசுவரருக்கு உரியவர்களாக விடுகிறாள் என்பது கதையின் முடிவு.

தேவரகுட்டர்களின் நோன்பும் இதனோடு தொடர்புடையது. மாதேசுவரருக்கு நேர்ந்துகொண்ட குடும்பத்தில் ஒருவருக்குக் குரு தீட்சை தருவார். தீட்சை பெற்றவர் நிலபுலம் உடையவராயினும் சில நாள்களிலேனும் வீடு வீடாகச் சென்று பிச்சை ஏற்க வேண்டும். நம் நாட்டிலும் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் நாமமிட்ட செம்பை ஏந்தி, கோவிந்தா என்று குரல் கொடுத்து அரிசி வாங்கி வருவதுண்டு. இதனை வெறும் சடங்கு என்று ஒதுக்குவோர் ஒருமுறை செய்து பார்க்கலாம். முதல் வீட்டு வாசலில் நா எழாது. யாரேனும் தெரிந்தவர் பார்க்கிறார்களா என்று கண் சுழலும். ஐந்தாம் வீட்டில் குரல் சிறிது தெளியும். பிடி அரிசி விழும்போது, கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்னும் கணக்குச் சிறிது நேரம் மறந்துபோகும். பல நாள் தியானத்தில் கைகூடாத ஒன்று அங்கே நிகழக்கூடும் என்பது நம் கருத்து.

பிள்ளை வேண்டிப் பாலாற்றைக் கடந்து சென்றவர்கள், பிறந்த குழந்தைக்கு முடியெடுக்க மீண்டும் அவ்வழியே வருகின்றனர். தருமபுரி, சேலம் மாவட்டங்களின் காவிரிக்கரைச் சிற்றூர்களில் மாதையன், மாதேசன், மாதப்பன் என்னும் பெயர்கள் வீட்டுக்கு வீடு வழங்குகின்றன. கேட்டால், சாமி கொடுத்தது, அதனால் சாமி பெயர் என்பார்கள்.