பாஸ் வேணாம் பாஸ்!

பொங்கல் லீவு விட்டதும் நீங்க பண்ற முதல் வேலை என்ன? பையைத் தூக்கிட்டு கிளாம்பாக்கம் ஓடுறதுதானே! 2025 பொங்கலுக்கு எனக்கும் என் ரூம்மேட்டுக்கும் டிக்கெட் கிடைக்கலை. ஹாஸ்டல் காலி, மெஸ்ஸுக்குப் பூட்டு. சரி, காத்தாவது வாங்கலாம்னு பெசன்ட் நகர் பீச்சுக்கு பஸ் ஏறினோம்.

அங்கே 'சென்னை சங்கமம்'. 2007-ல ஆரம்பிச்சு, 2011-க்கு அப்புறம் காணாமப் போய், 2023-ல தமிழக அரசு மறுபடி கொண்டுவந்த திருவிழா. 2025-ல சிட்டி முழுக்க 18 இடத்துல, சாயங்காலமானா பாட்டு, ஆட்டம், கதைனு களை கட்டுச்சு. எதுக்கும் பாஸ் கிடையாது. 'லைவ் கான்செர்ட்'டுக்காக அப்பாகிட்ட கெஞ்சின அனுபவம் உள்ளவங்க நோட் பண்ணிக்கோங்க!

முதல்ல வில்லுப்பாட்டு. "தாத்தா காலத்து ஐட்டம்டா"னு ரூம்மேட் போனை எடுத்தான். அஞ்சே நிமிஷம்... வில்லுல மணி குலுங்க, குடமும் உடுக்கையும் சேர்ந்துக்க, நடுவுல இருக்கறவர் கதை சொல்றார். பக்கப்பாட்டுக்காரர் 'ஆமா' போட்டா, மணல்ல உக்காந்திருந்த மொத்தக் கூட்டமும் 'ஆமா' போடுது! கஃபேல மைக் பிடிச்சு 'ஸ்போக்கன் வேர்டு'னு சொல்றாங்களே, அதுக்கு நம்ம ஊர்ல ஒரு பெரியண்ணன் இருக்கார் பாஸ். போன் பாக்கெட்டுக்குப் போயிடுச்சு.

அப்புறம் கரகாட்டம். விசில் அடிச்சு எனக்கு வாய் வலிச்சதுதான் மிச்சம்.

அடுத்தது பறை. மேடைக்குப் பின்னாடி பேப்பரைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சிட்டிருந்தாங்க. "எதுக்குடா நெருப்பு?"னான் ரூம்மேட். கடல்காத்து ஈரத்துல தோல் தொய்ஞ்சிடும், சூடு காட்டினா இறுகும், இறுகினா சத்தம் கணீர்னு வரும். டென்ஷன் ஏறினா ஃப்ரீக்வென்ஸி ஏறும்னு மனப்பாடம் பண்ணினோமே, அதேதான்! "வலது கையில குட்டையா இருக்கறது அடிக்குச்சி, இடது கையில நீளமா, மெல்லிசா இருக்கறது சிண்டுக்குச்சி..."னு நான் பாட்டுக்குச் சொல்லிட்டே போக, அவன் என்னையே பார்த்தான். "உனக்கு எப்படிடா இதெல்லாம் தெரியும்?"

உங்ககிட்ட சொல்றதுக்கென்ன... எங்க தாத்தா பறையடிச்சவர். ஊர்ல சாவு விழுந்தா நடுராத்திரியிலும் ஆள் வரும். தெருமுனையில நின்னு கூப்பிடுவாங்க, வாசலுக்கு வர மாட்டாங்க. என் அப்பா எங்களை அந்தக் குச்சியைத் தொடவே விட்டதில்லை. நானா தாத்தாகிட்ட திருட்டுத்தனமா கத்துக்கிட்டது கொஞ்சம். ஹாஸ்டல்ல யார் கேட்டாலும் 'தாத்தா விவசாயம்'னு சொல்லிடுவேன். பாதி நிஜம்தான். வயல் மட்டும் அடுத்தவங்களுது.

"எங்க தாத்தா அடிப்பார்டா"னேன். ரெண்டு வருஷத்துல முதல் தடவையா.

"அடப்பாவி, சொல்லவே இல்லை!"னு ஒரு கத்து. அதுக்குள்ள அடி ஆரம்பிச்சிடுச்சு. அவன் செருப்பைக் கழட்டி என் கையில கொடுத்துட்டுக் கூட்டத்துக்குள்ள ஓடிட்டான். ஐ.டி. கார்டு மாட்டின அண்ணன், சுண்டல் பொட்டலத்தோட ஒரு பாட்டி, குட்டிப் பசங்கனு எல்லாரும் ஆடறாங்க. யார் செத்ததுனு யாரும் கேக்கலை.

ஊருக்குப் போன் போட்டு, தாத்தாவைக் கூப்பிடச் சொல்லி, போனை மேடைப் பக்கமா நீட்டினேன். ரெண்டு நிமிஷம் சத்தமே இல்லை. லைன் கட்டாயிடுச்சோனு காதுல வெச்சா...

"ஒரு பறை சரியாக் காயலையேடா"ங்கறார்!