லலிதா அம்மா... பி.இ., எலெக்ட்ரிக்கல்!

என்ன மக்கா, எங்க கிளாஸ்ல பாதிப் பேர் பொண்ணுங்க. லேப்ல முதல்ல சர்க்யூட் போட்டு முடிக்கிறதும் அவங்கதான். ஆனால், 1794-ல் சர்வே பள்ளியாகத் தொடங்கிய கிண்டி இன்ஜினீயரிங் காலேஜுக்குள் முதல் மாணவி நுழைய 1940 வரை ஆச்சு. அப்படி வந்தவங்க ஏ.லலிதா. கையில் புத்தகம்... வீட்டில் மூணு வயசுக் குழந்தை!

1919-ல் சென்னையில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தவர். 15 வயசில் கல்யாணம். 18 வயசில், மகள் சியாமளா நாலு மாசக் குழந்தையாக இருந்தபோது கணவர் இறந்துவிட்டார். அந்தக் காலத்தில் கணவனை இழந்த பெண்ணுக்கு என்ன நடக்கும்? மூலையில் உட்கார வைத்து, நல்ல காரியம் எதுக்கும் கூப்பிடாமல் ஒதுக்கிவிடுவாங்க. லலிதா மூலையில் உட்காரலை. 'படிக்கிறேன்'னு கிளம்பிட்டாங்க.

என்ன படிக்கிறது? டாக்டர்னா நடுராத்திரியில்கூட ஓடணும். குழந்தையை விட்டுட்டுப் போக முடியாது. ஒன்பது டு அஞ்சு வேலைன்னா சாயங்காலம் மகளோடு இருக்கலாம். இதுதான் கணக்கு! கட்-ஆஃப், கேம்பஸ் இன்டர்வியூன்னு கணக்குப் போட்டு நாம குரூப் எடுக்கிறோம். அவங்க மகளுக்காகக் கணக்குப் போட்டு எலெக்ட்ரிக்கல் எடுத்தாங்க.

அப்பா பப்பு சுப்பாராவ் அதே காலேஜில் எலெக்ட்ரிக்கல் புரொபசர். பிரின்சிபால் கே.சி.சாக்கோவிடம் அவர் பேச, சீட் கிடைச்சுது. காலேஜ் முழுக்கப் பையன்கள், நடுவில் இவர் மட்டும். பிறகு லீலாம்மா ஜார்ஜ், பி.கே.திரேசியா ரெண்டு பேரும் சிவில் படிக்க வந்து சேர்ந்தாங்க. அந்தத் திரேசியாதான் பின்னாளில் கேரளப் பொதுப்பணித் துறையின் சீஃப் இன்ஜினீயர்!

இவங்க டிகிரி சர்ட்டிஃபிகேட்டிலும் ஒரு கூத்து. அச்சடித்த ஃபாரத்தில் 'ஹீ' என்றுதான் இருந்தது. பொண்ணு ஒருத்தி வாங்குவாள்னு யாருமே நினைக்கலையே! அதைப் பேனாவால் அடித்துவிட்டு 'ஷீ' என்று எழுதிக் கொடுத்தாங்க.

பீகாரின் ஜமால்பூர் ரயில்வே பணிமனையில் பயிற்சி, சிம்லாவில் அரசு வேலை, அப்புறம் 1948-ல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலெக்ட்ரிக்கல் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி. மின்சாரம் போகும் டிரான்ஸ்மிஷன் லைன்களை டிசைன் செய்வது வேலை. பக்ரா நங்கல் அணையின் ஜெனரேட்டர் வேலையிலும் இவர் பங்கு உண்டு. 1964-ல் நியூயார்க்கில் நடந்த முதல் சர்வதேசப் பெண் இன்ஜினீயர்கள், விஞ்ஞானிகள் மாநாட்டுக்கும் போய் வந்தார்.

அத்தனைக்கும் நடுவில் அவர் அம்மா. மறுமணம் செய்துகொள்ளவில்லை. அப்பா இல்லாத குறையே தெரியாமல் வளர்த்தார் என்று மகள் சியாமளா பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அம்மாவின் கதை இன்றைக்கு நமக்குக் கிடைப்பதே அந்த மகளால்தான். 1979-ல், 60 வயசில் லலிதா மறைந்தார்.

ஒரு விஷயம் யோசிச்சுப் பாருங்க. லலிதாவுக்குப் புரொபசர் அப்பா இருந்தார். குழந்தையைப் பார்த்துக்கச் சொந்தபந்தம் இருந்தது. அதே வருஷங்களில் அதே வயசில் தாலியை இழந்த எத்தனையோ பெண்களுக்கு ரெண்டுமே இல்லை. மூளை இருந்தும் கதவு திறக்கலை. அவங்கள்ல சிலர்தான் நம்ம வீட்டுப் பாட்டிகள், கொள்ளுப் பாட்டிகள். பேர் எந்த ரெக்கார்டிலும் இருக்காது.

அதனால, அடுத்த செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போறப்ப அம்மாகிட்டயும் பாட்டிகிட்டயும் ஒரே ஒரு கேள்வி கேளுங்க... "நீ என்னவா ஆகணும்னு ஆசைப்பட்டே?" பதில் சொல்ற வரைக்கும் செல்போனைக் கீழே வெச்சுட்டு உட்காருங்க. அவங்க கதையைச் சொல்ல சியாமளா மாதிரி ஒருத்தர் வேணும். அது நாமதான், வேற யாரு பாஸ்?