எள்ளுருண்டையும் இளகும் பீங்கானும்

தேநீர்க் கோப்பை கைதவறி விழுந்தால் உடையும், வளையாது, நீளாது. பீங்கான் இனப் பொருள்கள் யாவற்றுக்கும் இதுவே இயல்பு என நெடுங்காலம் கருதப்பட்டது. ஆயினும் 1986ஆம் ஆண்டில் யப்பானிய அறிஞர் ஃபுமிஹிரோ வக்காயும் அவர்தம் குழுவினரும் சிர்க்கோனியா என்னும் பீங்கானை 1450 பாகை சென்ரிகிறேட்டில் மெல்ல இழுத்து, இருமடங்குக்கும் மேலாக நீளச் செய்தனர். இப்பண்பு மீநெகிழ்ச்சி எனப்படும்.

இஃது எவ்வாறு நிகழ்கின்றது? மாணவச் செல்வங்களே, எள்ளுருண்டை பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாகு சூடாக உள்ளவரை எள்மணிகள் ஒன்றையொன்று வழுக்கி நகர்ந்து, விரும்பிய வடிவத்தை ஏற்கின்றன, மணிகள் நசிவதில்லை. ஆறியபின் உருண்டை இறுகிவிடுகின்றது. பீங்கானின் நுண்படிகங்களும் அத்தகைய மணிகளே. மணியின் விட்டம் பாதியானால், உருமாறும் வேகம் 4 முதல் 8 மடங்கு வரை கூடலாம். வக்காய் கையாண்ட மணிகள் மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கினும் சிறியவை.

சில பீங்கான்களில் பாகும் உண்டு. சிலிக்கன் நைத்திரைட்டுத் தூளைச் சுட்டு இறுக்குவதற்காகச் சேர்க்கப்படும் ஒட்சைட்டுகள் உருகி, மணிகளிடையே மெல்லிய கண்ணாடிப் படலமாகத் தங்குகின்றன. வெப்பத்தில் அது இளகி, மணிகள் வழுக்க உதவுகின்றது. சிலிக்கன் காபைட்டு கலந்த இத்தகைய பீங்கான் ஒன்று 1600 பாகையில் இரண்டரை மடங்குக்கும் மேல் நீண்டதை வக்காய் குழுவினர் 1990இல் அறிவித்தனர்.

இத்துறையில் தமிழகத்திற்கும் பங்குண்டு. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராக விளங்கிய கே. ஏ. பத்மநாபன், ஜி. ஜே. டேவிசுடன் இணைந்து 1980இல் மீநெகிழ்ச்சி குறித்து ஆங்கில நூலொன்றை வெளியிட்டார். மணிகளின் எல்லை வழுக்கலே இதற்கு அடிப்படை என்பது அவர் வளர்த்தெடுத்த கொள்கை.

எனினும், வனைவோருக்கு உதவும் பாகே பயன்படுத்துவோருக்கு இடராகலாம். கடும் வெப்பத்தில் சுழலும் இயந்திர உறுப்பில் கண்ணாடி மீண்டும் இளகினால், உறுப்பு சிறிது சிறிதாக நீண்டு, ஈற்றில் முறியும். ஆகவே, உருவம் அமைந்தபின் மீண்டும் சூடேற்றி, அக்கண்ணாடியின் பெரும்பகுதியைப் படிகமாக மாற்றுவதும் உண்டு.

பெற்றோர்களே, அடுத்தமுறை எள்ளுருண்டை பிடிக்கையில் பிள்ளைகளையும் அருகழைத்து, பாகு ஆறுமுன்னும் ஆறியபின்னும் தொட்டுப் பார்க்கச் செய்யுங்கள். உயர்ந்த அறிவியலும் நம் அடுக்களைத் தமிழில் விளங்கும்.