சட்டைப் பொத்தானும் ஒரு பாடம்தான்

வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, கடையில் உருது கலந்த இந்தி, பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம். செகந்திராபாத்தில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு ஐந்து வயதுக்குள் நான்கு மொழிகள் காதில் விழுந்துவிடுகின்றன. பெரும்பாலான பிள்ளைகள் இதைச் சமாளித்துக்கொள்கிறார்கள். ஆனால் மூன்று வயதாகியும் பேச்சு வராத பிள்ளையும், எட்டு வயதாகியும் சட்டைப் பொத்தான் போடத் தெரியாத பிள்ளையும் லாலாகூடாவிலும் உண்டு, மேரெட்பள்ளியிலும் உண்டு. "நாலு பாஷை கேட்டுக் குழம்பியிருக்கிறான், போகப் போகச் சரியாகிவிடும்" என்று பெற்றோர் ஆறுதல் சொல்லிக்கொள்கிறார்கள். இரண்டு, மூன்று வருஷங்கள் அப்படியே ஓடிவிடுகின்றன. பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க மிகவும் ஏற்ற வருஷங்கள் அவைதான்.

இத்தகைய பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர்களைத் தயார் செய்யும் தேசிய நிறுவனம், போயின்பள்ளிப் பக்கம் மனோவிகாஸ் நகரிலேயே இருக்கிறது.

1984-ல் தோன்றியது

தேசிய மனவளர்ச்சி குன்றியோர் நிறுவனம் என்ற பெயரில் மத்திய அரசு 1984-ம் ஆண்டு இதை அமைத்தது. இன்று அறிவுசார் குறைபாடுடையோருக்கு அதிகாரமளிக்கும் தேசிய நிறுவனம் என்று பெயர் மாறியிருக்கிறது. பிள்ளைகளைச் சோதித்துப் பார்ப்பதும், பெற்றோருக்கு வழி சொல்வதும் ஒரு பக்கம்; சிறப்புக் கல்வியில் பி.எட்., எம்.எட். போன்ற பயிற்சிகள் மறுபக்கம். பயிற்சி முடித்தவர் 1992-ம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்துகொண்ட பிறகே இத்தொழிலில் இறங்கலாம்.

ஐந்து படிகள்

சாதாரண ஆசிரியர் பயிற்சியிலிருந்து இது எங்கே வேறுபடுகிறது? பொத்தான் போடுவதையே எடுத்துக்கொள்ளலாம். பெரியவர்களுக்கு அது ஒரே வேலை. பயிற்சி பெறும் ஆசிரியர் அதைப் படிப்படியாகப் பிரித்து எழுத வேண்டும். சட்டையின் இரண்டு ஓரங்களையும் நேராக்குவது முதல் படி. ஒரு கையால் பொத்தானைப் பிடிப்பது இரண்டாவது. மறு கையால் காஜாவை விரிப்பது மூன்றாவது. பொத்தானை ஓரமாக நுழைப்பது நான்காவது. அந்தப் பக்கம் வந்த பாதியைப் பிடித்து இழுப்பது ஐந்தாவது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பல பிள்ளைகளுக்குக் கடைசிப் படியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். முதல் நான்கையும் ஆசிரியரே செய்துவிடுவார்; பிள்ளை இழுத்தால் போதும். "நான் போட்டுவிட்டேன்" என்ற மகிழ்ச்சி அன்றைக்கே கிடைத்துவிடுகிறது. அது நன்றாகப் படிந்த பிறகு நான்காவது படி, பிறகு மூன்றாவது என்று பின்னோக்கி வருவார்கள். உதவியும் படிப்படியாகக் குறையும். முதலில் கையைப் பிடித்துச் செய்விப்பது, பிறகு இலேசாகத் தொடுவது, பிறகு சைகை, பிறகு ஒரு சொல், கடைசியில் ஆசிரியர் பேசாமல் நிற்பது.

"பையன் பரவாயில்லை" என்று குறிப்பேட்டில் எழுதினால் செல்லாது. "ஐந்து தடவையில் மூன்று தடவை தானாக இழுத்தான்" என்று எழுத வேண்டும். நாளை எந்தப் படி, எவ்வளவு உதவி என்பது அந்தக் கணக்கிலிருந்துதான் தெரியவரும்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனித் திட்டம் உண்டு. இதற்குப் பயன்படும் அளவுகோல்களில் ஒன்று சென்னையில் பிறந்தது. விஜய் ஹியூமன் சர்வீசஸ் நிறுவனத்தில் பி. ஜெயச்சந்திரனும் வி. விமலாவும் உருவாக்கிய அந்தப் பட்டியலில் உண்பது, உடுப்பது, பேசுவது, பணம் எண்ணுவது என்று 18 பிரிவுகள், மொத்தம் 360 இனங்கள் இருக்கின்றன. பிள்ளைக்கு என்ன தெரியாது என்பதோடு நிற்காமல், என்ன தெரியும் என்று பார்த்து அதற்கு அடுத்த படியை இலக்காக வைக்க அது உதவுகிறது.

ரோமாபுரி முதல் அடையாறு வரை

மந்தமான பிள்ளைகளுக்காகக் கண்ட முறை எல்லாப் பிள்ளைகளுக்கும் பயன்பட்ட வரலாறும் உண்டு. இத்தாலிய டாக்டர் மரியா மாண்டிசோரி, பிரெஞ்சு மருத்துவர்கள் இதார், செகேன் ஆகியோரின் வழியைப் படித்து, முதலில் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளிடம் கையாண்டார். பிறகு 1907-ல் ரோமாபுரியின் ஏழைத் தொழிலாளர் பகுதியில் சிறுவர் இல்லம் தொடங்கினார். பொத்தான் போட்டுப் பழக மரச்சட்டத்தில் துணி கட்டிய சாதனம் மாண்டிசோரி வகுப்புகளில் இன்றும் உண்டு. 1939-ல் அவர் சென்னை அடையாறு வந்தார். உலகப் போரினால் நாடு திரும்ப முடியாமல் 1946 வரை இந்தியாவில் தங்கி, சென்னையிலும் கொடைக்கானலிலும் பிற ஊர்களிலும் பணியாற்றினார். அவரிடம் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் ஏராளம்.

எந்த மொழியில் கேட்பது?

பல மொழி ஊரில் ஆசிரியருக்கு இன்னொரு சோதனையும் இருக்கிறது. வீட்டில் "தண்ணீர்" என்று கேட்டுப் பழகிய பிள்ளையிடம் "பானி எங்கே?" என்றால் விழிக்கும். அது புத்திக் குறைவா, மொழி தெரியாமையா? வீட்டு மொழியில் கேட்டுப் பார்க்காமல் முடிவு கட்டினால் பிள்ளைக்கு இழைக்கும் அநியாயமாகிவிடும். ஆகையால் சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் வீட்டில் என்ன சொல் என்பதைத் தாயாரிடம் கேட்டு எழுதிக்கொள்வதே நல்ல ஆசிரியரின் முதல் வேலை.

பெற்றோரும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பல மொழி கேட்பதால் பேச்சு வராமல் போவதில்லை. டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகள்கூட இரண்டு மொழி கற்றுக்கொள்வதை ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. பிள்ளைக்காகத் தமிழை விட்டுவிட்டுத் தட்டுத்தடுமாறி ஆங்கிலம் பேசும் தாய், தன்னிடமுள்ள நல்ல கருவியைக் கீழே வைத்துவிடுகிறார்.

வேலைக்கு வழி

வேலை தேடும் இளைஞர்களும் இத்துறையைக் கவனிக்கலாம். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டது. பள்ளிகளில் சிறப்பாசிரியர் வேண்டும் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தொடக்கப் பள்ளியில் இத்தகைய பிள்ளைகள் 10 பேருக்கு ஓர் ஆசிரியர், நடுநிலை வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று 2022-ல் மத்திய அரசு விதி செய்தது. காகிதத்தில் வந்த எண்ணிக்கை வகுப்பறைக்கு வந்து சேரக் காலம் பிடிக்கிறது என்பதும் உண்மையே. ஊர் திரும்ப நினைப்பவர்களுக்கு, சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்காக 2005-ல் ஏற்பட்ட தேசிய நிறுவனம் இருக்கிறது.

ஒன்றரை வயதாகியும் நடக்காத பிள்ளையை, ஒரு சொல்லும் வராத பிள்ளையை, கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையைத் தாமதிக்காமல் காட்ட வேண்டும். காது கேட்கிறதா என்று முதலில் சோதிக்க வேண்டும். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. "எங்கள் காலத்துக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்?" என்பதுதான் இப்பெற்றோர் ஒவ்வொருவரின் கவலையும். தன் சட்டைப் பொத்தானைத் தானே போடக் கற்ற பிள்ளைக்கு, அந்தக் கேள்வியின் பாரம் ஒரு பொத்தான் அளவாவது குறைகிறது.