தூசி தரும் நெஞ்செரிச்சலுக்கு இழப்பீடு உண்டா?

இரைப்பையின் அமிலம் அடிக்கடி உணவுக்குழாய்க்குள் ஏறி, நெஞ்செரிச்சலையும் புளித்த ஏப்பத்தையும் உண்டாக்கும் நிலையை மருத்துவர்கள் அமில எதுக்களிப்பு நோய் என்கின்றனர். மிளகாயையும் காபியையும் நேரம் தவறிய சாப்பாட்டையும் இதற்குக் குற்றம் சொல்வதே வழக்கமாக இருக்க, தூசிக்கும் இதில் பங்குண்டு என்பதை உலகுக்கு உணர்த்தியது 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் இடிந்த உலக வர்த்தக மையக் கோபுரங்களின் இடிபாட்டுத் தூசியாகும். பொடியான கான்கிரீட், ஜிப்சம், கண்ணாடி இழை, ஆஸ்பெஸ்டாஸ் ஆகியவை கலந்த அந்தத் தூசியில் பணியாற்றிய தீயணைப்பு வீரர்களிடம் விடாத இருமலோடு எதுக்களிப்பும் சேர்ந்தே காணப்பட்டது.

மூச்சில் புகுந்த தூசி வயிற்றைத் தொடும் வழி ஒன்றல்ல. மூச்சுக்குழாயின் உட்சுவரிலுள்ள நுண்மயிர்கள் தூசி ஒட்டிய சளியைத் தொண்டைவரை தள்ளிக் கொண்டுவர, மனிதர் அதை அறியாமலே விழுங்குகிறார். ஓயாத இருமல் வயிற்றின் அழுத்தத்தைக் கூட்டி அமிலத்தை மேலே தள்ளுகிறது. மூச்சிரைப்புக்குத் தரப்படும் தியோஃபிலின் போன்ற மருந்துகளோ உணவுக்குழாயின் அடிவாயைக் காக்கும் சுருக்குத்தசையைத் தளர்த்துகின்றன. ஏறிய அமிலம் மூச்சுக்குழாய்க்குள் சிந்தி இருமலை மீண்டும் கிளப்புவதால், எது முதலில் வந்தது என்று பிரித்தறிவது மருத்துவருக்கே கடினம்.

அந்தக் கடினத்தை அமெரிக்கா சட்டத்தால் கடந்தது. 2011 ஜனவரி 2 அன்று கையெழுத்தான ஜேம்ஸ் ஜாட்ரோகா சட்டம் எதுக்களிப்பைத் தூசிசார் நோய்களின் பட்டியலிலேயே சேர்த்தது. புற்றுநோய் அல்லாத நோய்களால் நேரும் வலிக்கும் வேதனைக்குமான இழப்பீட்டுக்கு 90,000 டாலர் உச்சவரம்பு உண்டு. 2019-இல் செய்யப்பட்ட திருத்தம் விண்ணப்பக் காலத்தை 2090 வரை நீட்டியது.

நம் நாட்டில் நிலை வேறு. சிவகங்கை மாவட்டத்தில், திருக்கோஷ்டியூரை உள்ளடக்கிய திருப்பத்தூர், சிங்கம்புணரி வட்டாரத்தில் கல்குவாரிகளும் ஜல்லி உடைக்கும் கிரஷர்களும் உள்ளன. 2025 மே மாதம் மல்லாக்கோட்டை குவாரியில் பாறை சரிந்து தொழிலாளர்கள் இறந்தது செய்தியாயிற்று. ஆண்டுக்கணக்கில் மூச்சோடு உள்ளே போகும் கல்தூசி செய்தியாவதில்லை. 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், சிலிக்கா தூசி நுரையீரலைத் தழும்பாக்கும் சிலிக்கோசிஸ் நோய்க்கு இடமிருந்தது, எதுக்களிப்புக்கு இல்லை. பட்டியலில் இல்லாத நோயென்றால், அது வேலையின்போது நேர்ந்த குறிப்பிட்ட விபத்துக் காயத்தின் நேரடி விளைவு என்று மெய்ப்பித்தாக வேண்டும். நாள்தோறும் சிறுகச் சிறுகச் சேரும் தூசிக்கு அப்படியொரு விபத்து நாளை எங்கே தேடுவது? 2025 நவம்பரில் 1923 சட்டத்தின் இடத்தைப் பிடித்த 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் பட்டியல் முறையையே பின்பற்றுகிறது. சிலிக்கோசிஸ் நோயாளிக்கு 3 லட்சம் ரூபாயும், அவர் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சமும் வழங்கும் ராஜஸ்தானின் 2019-ஆம் ஆண்டுக் கொள்கையும் நுரையீரலோடு நின்றுவிடுகிறது.

ஆகவே, நெஞ்செரிச்சலோடு இருமலும் உள்ள கிரஷர் தொழிலாளி, மருந்துக்கடையில் அமிலம் குறைக்கும் பான்டோபிரசோல் வாங்கி விழுங்கிக் காலம் கடத்தாமல், அரசு மருத்துவமனையில் தாம் செய்யும் வேலையையும் அதன் ஆண்டுகளையும் ஓ.பி. சீட்டில் எழுதச் சொல்லி, எண்டோஸ்கோபியோடு மார்பு எக்ஸ்ரேயும் எடுத்துக்கொள்ள வேண்டும். சிலிக்கோசிஸ் உறுதியானால், நோயால் வேலைக்குப் போக இயலாமற்போன முதல் நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் இழப்பீடு கோரியாக வேண்டும்.